பொங்கலுக்குக் கையால் செய்து அஞ்சலில் அனுப்ப எது ஏற்றது?

ஒவ்வொரு பொங்கலுக்கும் உறவினர், நண்பர், பழைய ஆசிரியர் என்று முப்பதிலிருந்து நாற்பது பேருக்கு, என் கையால் செய்த சிறு படைப்பு ஒன்றை அஞ்சலில் அனுப்பி வருகிறேன். எங்கள் தலைமுறையின் பிள்ளைப் பருவத்தில் இதைக் கடைகளே செய்து கொடுத்தன. கரும்பும் பானையும் சூரியனும், சில சமயம் ஒரு திரைப்பட நடிகரும் சிரித்துக்கொண்டிருந்த சிவகாசி அட்டைகளை, மார்கழிக் கடைவாசலில் நின்றுகொண்டு யாருக்கு எது என்று தேர்ந்தெடுத்த நினைவு பலருக்கும் இருக்கும். கைப்பேசி வந்தபின் அந்தப் பழக்கம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டதால், தபால்காரர் ஒரு வாழ்த்தைக் கொண்டுவந்து கொடுப்பதே இன்று பெறுபவருக்கு எதிர்பாராத செய்தியாக இருக்கிறது. ஆகவே அனுப்பலாமா வேண்டாமா என்ற ஐயம் எனக்கு எழுந்ததில்லை. எதைச் செய்து அனுப்புவது என்ற கேள்விதான் கார்த்திகை பிறந்ததும் ஆண்டுதோறும் வந்து நிற்கிறது.

படம் தீட்டிய அஞ்சல் அட்டை, சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவே உள்ள கலை அட்டை, பலகையில் செதுக்கி மை பூசி லினோ அச்சில் எடுத்த மடிப்பு வாழ்த்து அட்டை, ஒரே தாளை மடித்துச் செய்யும் எட்டுப் பக்கச் சிற்றேடு ஆகிய நான்கையும் வெவ்வேறு ஆண்டுகளில் செய்து பார்த்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் இவற்றுள் எதைத் தேர்வது என்று கேட்கும்போது, எது அழகானது என்று பார்க்காமல் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும்படி சொல்கிறேன். ஒருவருக்கென்று எவ்வளவு நேரம் செலவிட முடியும்? அஞ்சல் பையும் முத்திரைச் சுத்தியலும் மழையும் அதை என்ன செய்யும்? பெற்றவர் அதைத் தம் வீட்டில் எங்கே வைப்பார்? மூன்றாவது கேள்வியை நான் மிகத் தாமதமாகத்தான் கேட்கத் தொடங்கினேன். ஆனால் தேர்வைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதுதான்.

முதலில் கட்டணத்தைப் பார்த்துவிடலாம், ஏனெனில் வடிவத்தையும் தாளின் தடிமனையும் அதுவே வரையறுக்கிறது. அஞ்சலகத்தில் விற்கும் அஞ்சல் அட்டை 50 காசு. உறையிலிட்ட கடிதத்துக்கு ஒவ்வொரு 20 கிராமுக்கும் 5 ரூபாய். 21 கிராம் ஆனால் 10 ரூபாய். குறைவாக ஒட்டினால் குறைந்த தொகையைப்போல இருமடங்கு பெறுபவரிடம் வசூலிக்கப்படும் என்பதால், அன்பளிப்பு அனுப்புகிறவர் 20 கிராம் என்ற எல்லையைக் கவனமாகக் காக்க வேண்டும். நீர்வண்ணத்துக்கு ஏற்ற 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் வெட்டிய 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலமுள்ள அட்டை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சீட்டளவுக் கலை அட்டை 2 கிராம்கூட இராது. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். சாதாரணச் சிறிய உறையும் ஏறக்குறைய அவ்வளவே. அதனால் நான்கு வடிவங்களுமே 20 கிராமுக்குள் அடங்கும். எல்லையைத் தாண்டச் செய்வது, மடங்காமல் இருக்க நாம் உள்ளே செருகும் தடித்த அட்டைதான். சமையலறையில் மாவு நிறுக்கும் சிறு மின்தராசு இருந்தால் இந்தக் கவலையை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

நான்கில் மிகப் பழையதும் மிக எளியதும் அஞ்சல் அட்டை. 1869ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியாவில் முதன்முதலாக வெளியான அது, 1879ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று கால் அணா விலையில் இந்தியாவுக்கு வந்தது. அதை ஓவியத்துக்கான இடமாகக் கண்டவர்களுள் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருபவர் வங்க ஓவியர் நந்தலால் போஸ். சாந்திநிகேதனிலும் பயணங்களிலும் கண்ட மனிதர்களையும் மரங்களையும் ஆடுமாடுகளையும் சில தூரிகை வீச்சுகளில் அட்டையில் தீட்டி, நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அவர் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஜப்பானில் இதே காரியத்துக்கு எதெகாமி என்று பெயர். படக்கடிதம் என்பது அதன் பொருள். கத்தரிக்காயோ மிளகாயோ ஏதேனும் ஒன்றைக் கண்முன் வைத்து, தூரிகையை அதன் மேல் நுனியில் பிடித்துக்கொண்டு, கை நடுங்க நடுங்கக் கோடிழுத்து வண்ணம் தோய்த்து, பக்கத்தில் ஒரு வரி எழுதி அனுப்புவார்கள். இதை அங்கு பரவலாக்கிய குனியோ கோய்க்கே, திருத்தமில்லாமல் வரைந்தாலும் நல்லது, திருத்தமில்லாமல் வரைவதே நல்லது என்பதைத் தம் கொள்கையாகச் சொன்னார். படம் வரையத் தெரியாது என்று தயங்குகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய அனுமதிச் சீட்டு வேறில்லை.

அஞ்சல் அட்டையில் இரண்டு வகையுண்டு. அஞ்சலகத்தில் வாங்கும் 50 காசு அட்டை ஒன்று. நாமே தடித்த தாளில் வெட்டித் தபால்தலை ஒட்டும் அட்டை மற்றொன்று. அஞ்சலக அட்டை மெல்லியது. தண்ணீர் பட்டவுடன் அப்பளம்போல் வளையும். நீர்வண்ணத்துக்கு ஏற்றதன்று. ஆனால் வண்ணப் பென்சிலுக்கும் கறுப்பு மைக்கும் அது மிக நன்றாக இடம் கொடுக்கிறது. ஐந்து புள்ளி, ஐந்து வரிசைச் சிக்குக் கோலம் ஒன்றை அதில் கறுப்பு மையால் இழுத்து, இடைப்பட்ட கண்களில் மட்டும் சிவப்புப் பென்சிலை ஓட்டினால், இருபது நிமிடத்தில் ஓர் அட்டை முடிந்துவிடும். நாமே வெட்டும் அட்டையை அஞ்சலக அட்டையின் அளவுக்கே, அதாவது 14க்கு 9 செ.மீ. என்று, வைத்துக்கொள்வது நல்லது. மிகவும் பெரிதாக்கினால் அட்டை என்ற தகுதியை இழந்து கடிதக் கட்டணத்துக்குப் போய்விடும். ஏ4 அளவுத் தாள் ஒன்றில் நான்கு அட்டைகள் கிடைக்கும். ஓரத்தில் மிஞ்சும் 3 செ.மீ. அகலப் பட்டையை எறியாமல் வைத்திருந்தால் புத்தகக்குறியாகும்.

உறையில்லாமல் பயணம் செய்வதே இந்த வடிவத்தின் ஆபத்தும் அழகும். நான் முதன்முதலாக அனுப்பிய அட்டைகளில் கோடுகளை ஜெல் பேனாவால் இழுத்திருந்தேன். அந்த ஆண்டு மார்கழியிலும் மழை விடவில்லை. திருநெல்வேலியில் இருக்கும் அத்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாட்டின் கொம்பிலிருந்து கால் வரை நீலம் வழிந்திருந்ததாம். தவறு முழுவதும் என்னுடையது. காய்ந்தபின் தண்ணீரில் கரையாத இந்தியன் இங்க் கோட்டுக்கும், அக்ரிலிக் வண்ணமோ மெழுகுத் தன்மையுள்ள பென்சிலோ நிரப்புவதற்கும் ஏற்றவை. நீர்வண்ணத்தைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள், நன்றாகக் காய்ந்தபின் படத்தின் பக்கத்தில் மட்டும் வெள்ளை மெழுகுவர்த்தியை மிக லேசாகத் தேய்த்து, மென்மையான பருத்தித் துணியால் துடைத்துவிட்டால் தூறலுக்குத் தாங்கும். கொட்டும் மழைக்குத் தாங்காது. முகவரியைப் பந்துமுனைப் பேனாவால் எழுதுவதே பாதுகாப்பு.

மழை தவிர, அட்டைகளைக் கட்டாகக் கட்டும் கயிறு ஓரத்தில் தடம் பதிக்கும். முத்திரை சில சமயம் படத்தின் மேலேயே விழும். தொடக்கத்தில் இதற்காக வருந்தினேன். பிறகு, ஒரு சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு சூரியனைப்போல வட்ட முத்திரை விழுந்திருந்த அட்டையை ஒருவர் படமெடுத்து அனுப்பியதைப் பார்த்தபின், வானத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வரையப் பழகிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு: அட்டையைத் தபால்காரர் படிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் படிப்பார், வாசலில் கிடந்தால் பால்காரரும் படிப்பார். எனவே உடல்நலம், குடும்ப வருத்தம், பணம் ஆகியவற்றைப் பற்றி எழுதவேண்டிய ஒருவருக்கு இந்த வடிவம் பொருந்தாது.

பெற்றவர் எங்கே வைப்பார் என்ற கேள்விக்கு அஞ்சல் அட்டை மிக நல்ல விடை தருகிறது. பழைய வீடுகளில் வந்த கடிதங்களைக் குத்தி வைக்கும் கொக்கிக் கம்பி ஒன்று தூணிலோ ஆணியிலோ தொங்கும். ரேஷன் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் ஊர்க் கடிதமும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். எங்கள் பெரியப்பா வீட்டில் அது இன்றும் இருக்கிறது. நான் அனுப்பிய ஐந்து ஆண்டு அட்டைகளும் நடுவில் ஒரு துளையோடு அதில்தான் இருக்கின்றன. நகரத்து வீடுகளில் குளிர்பதனப் பெட்டியின் கதவோ நிலைக்கண்ணாடியின் சட்டமோ அந்த வேலையைச் செய்கிறது. உறையைப் பிரிக்க வேண்டாம், திறந்து நிற்கவைக்க வேண்டாம். கையில் வாங்கியவுடன் செருகிவிடலாம்.

குறை நேரம்தான். சொந்தமாக வெட்டிய அட்டையில் ஒரு படம் தீட்டி முடிக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆகும். நாற்பது பேருக்கு என்றால் இருபத்தாறு மணி நேரத்துக்கு மேல். வேலைக்குப் போகிறவருக்கு மார்கழியின் எல்லா மாலைகளும் அதிலேயே போய்விடும். பதினைந்தாவது அட்டைக்குப் பிறகு கை சலித்து, கடைசியில் இருப்பவர்களுக்குப் போவது முதலில் இருந்தவர்களுக்குப் போனதைவிடத் தாழ்ந்ததாகிவிடும். பட்டியலில் அகர வரிசைப்படி கடைசியில் வருவது ஒருவரின் குற்றமா என்ன?

சீட்டளவுக் கலை அட்டைக்கு வருவோம். இதன் அளவு 64க்கு 89 மில்லிமீட்டர். சூரிச் நகரத்துக் கலைஞர் வான்சி ஸ்டிர்னமான் 1997ஆம் ஆண்டு இந்த அளவில் 1,200 அட்டைகளைச் செய்து காட்சிக்கு வைத்து, பார்க்க வந்தவர்களையும் தத்தம் அட்டையைச் செய்துவந்து மாற்றிக்கொள்ளும்படி அழைத்ததிலிருந்து இது உலகெங்கும் பரவியது. விற்கக்கூடாது, மாற்றிக்கொள்ளவே வேண்டும் என்பதுதான் இதில் முக்கியமான விதி. ஏ4 தாள் ஒன்றில் ஒன்பது அட்டைகள் கிடைப்பதால் நல்ல தாளை வாங்க மனம் வரும். பரப்பு சிறிதாகையால் பழைய பத்திரிகைத் துண்டு, பூத்தையல், சோதனை வண்ணம் என்று எதையும் துணிந்து செய்யலாம், கெட்டுப்போனால் இழப்பு உள்ளங்கை அளவுதான். கைக்கு இவ்வளவு சுதந்திரம் தரும் வேறு வடிவம் எனக்குத் தெரியாது.

ஆனால் அன்பளிப்பாக அனுப்ப வரும்போது இரண்டு தடைகள் எழுகின்றன. இந்த அளவு அஞ்சலில் ஏற்கப்படும் மிகக் குறைந்த அளவைவிடச் சிறியது. ஆகவே உறையிலிட்டே அனுப்ப வேண்டும். உறைக்குள் அது ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சறுக்கிக்கொண்டே போகும் என்பதால், சற்றுப் பெரிய அட்டையில் நான்கு சாய்வுக் கீறல்கள் போட்டு, பழைய புகைப்படத் தொகுப்பில் செய்வதுபோல் மூலைகளைச் செருகி அனுப்ப வேண்டியிருக்கும். இது தீர்க்கக்கூடிய தடை. இரண்டாவது அப்படியன்று. ஓர் ஆண்டு இருபத்திரண்டு பேருக்கு இந்த அட்டைகளை அனுப்பினேன். சித்தி தொலைபேசியில் அழைத்து, "ரொம்ப நல்லா இருக்குப்பா, ஆனா இவ்வளவு சின்னதா இருக்கே, இத எங்க வைக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதே வடிவத்தைச் செய்கிறவர்களிடம் ஒன்பது பைகள் கொண்ட நெகிழித் தாள்கள் இருக்கும். பெற்றதை அதில் செருகிவிட்டுத் தம்முடையதை அனுப்பி வைப்பார்கள். மாற்றிக்கொள்ள எதுவும் இல்லாதவரிடம் போகும்போது, அது எந்த விளையாட்டின் சீட்டு என்று தெரியாமல் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. பூஜை அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒருவர் வைத்திருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதில் நான் வரைந்திருந்தது ஓர் ஆந்தை. படம் செய்கிற நண்பர்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது நல்லது என்பது என் முடிவு.

நாற்பது பேர் என்ற எண்ணிக்கைக்கு நேர்மையாக ஈடுகொடுப்பது லினோ அச்சு. இதிலும் நந்தலால் போஸே முன்னோடியாக நிற்கிறார் என்பது தற்செயல்தான்: கைத்தடியுடன் காந்தி நடந்துபோகும், பாடநூல்களில் பார்த்துப் பழகிய கறுப்பு வெள்ளைப் படம், 1930ஆம் ஆண்டுத் தண்டி யாத்திரையை ஒட்டி அவர் செதுக்கிய லினோ அச்சு. தரைவிரிப்புப் பொருளான லினோலியத்தில் உளியால் செதுக்கி, மேடாக நிற்கும் பகுதியில் உருளையால் மை பூசி, தாளை மேலே வைத்துத் தேய்த்து எடுப்பது இதன் முறை. அச்சுப்பொறி வேண்டாம், எவர்சில்வர் கரண்டியின் முதுகே போதும். செதுக்குவதற்கு முன் பலகையை ஐந்து நிமிடம் வெயிலில் வைத்தால் வெல்லம்போல் இளகி உளிக்கு இணங்கும். நம் ஊருக்கு இதுவொரு வசதி. உளி பிடித்த கைக்கு முன்னால் மறு கையை வைக்கக்கூடாது என்பதை எல்லோரும் ஒருமுறையாவது இரத்தம் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். பிள்ளைகளோடு செய்கிறவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தமிழில் எழுத்தோடு செதுக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அச்சில் எல்லாம் இடவலமாக மாறும் என்பது தெரிந்ததே. மென்மையான பென்சிலால் மெல்லிய தாளில் எழுதி, அதைக் கவிழ்த்துப் பலகையில் வைத்துத் தேய்த்தால் எழுத்து தானே இடவலம் மாறிப் பதிந்துவிடும். உண்மையான தொல்லை புள்ளிகளில் இருக்கிறது. 'பொங்கல்' என்ற சொல்லில் ங், ல் ஆகிய இரண்டின் தலையிலும் புள்ளி உண்டு. எழுத்தை மேடாக விட்டுச் சுற்றிலும் செதுக்கினால், அந்தப் புள்ளிகள் கடல் நடுவே தீவுகளாகத் தனித்து நின்று, பத்தாவது பிரதி எடுப்பதற்குள் பெயர்ந்து போகும். புள்ளியில்லாத வாழ்த்தை, ஓலைச்சுவடிக் காலத்து எழுத்து என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். எழுத்தைக் குழியாகச் செதுக்கி, மை பூசிய தரையில் அது வெள்ளையாகத் தெரியும்படி செய்வதே வழி. அப்போது புள்ளி என்பது உளி நுனியின் ஒரு குத்து. ழகரத்தின் சுழியும் உடையாது.

தாளைப் பொறுத்தவரை, கரண்டியால் தேய்ப்பதற்கு வழவழப்பான, மிகத் தடிக்காத தாளே ஏற்றது. 200 ஜிஎஸ்எம் ஐவரி என்னும் வழவழப்பான அட்டையை ஏ5 அளவில் வெட்டி நடுவில் மடித்தால் 6 கிராம். உறையோடு 11 கிராம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959ஆம் ஆண்டிலிருந்து பருத்தித் துணிக் கழிவைக் கொண்டு செய்யப்பட்டுவரும் கைத்தாள் பார்ப்பதற்கு மிக அழகானது. ஆனால் அதன் சொரசொரப்பில் மை புள்ளி புள்ளியாகத்தான் ஏறும். லேசாக ஈரப்படுத்தி அச்சிட்டால் மேம்படும். அந்தத் தாளை அஞ்சல் அட்டைக்கு வைத்துக்கொண்டு, அச்சுக்கு ஐவரியை எடுப்பது சிக்கனமும்கூட.

நேரக் கணக்கு இப்படி வருகிறது. செதுக்குவதற்கு நான்கு மாலைகளில் எட்டு மணி நேரம். நாற்பது பிரதி எடுக்க, கெட்டுப்போனவற்றையும் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நான்கு மணி நேரம். மடித்து, உள்ளே ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதி, உறையிலிட மூன்றரை மணி நேரம். ஆகப் பதினைந்தரை மணி நேரம். அஞ்சல் அட்டைக்கு ஆகும் நேரத்தில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு. நாற்பதாமவருக்குப் போகும் பிரதி முதலாமவருடையதைவிடத் தாழ்ந்ததாக இராது. கை பழகுவதால் பெரும்பாலும் மேலானதாகவே இருக்கும். உள்ளே எழுதும் இரண்டு வரியை மட்டும் விட்டுவிடக்கூடாது. ஓர் ஆண்டு அவசரத்தில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினேன். கடையில் வாங்கிய அட்டை என்றே பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள்.

மை காய்வதற்கு மட்டும் காலம் ஒதுக்க வேண்டும். எண்ணெய் மை காய வெயில் நாளிலேயே சில நாள் ஆகும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மிச்சமிருக்கும் டிசம்பரில் ஒரு வாரத்துக்கு மேல் விட வேண்டும். கொடிக்கயிற்றில் துணிக் கிளிப்பால் வரிசையாக மாட்டித் தொங்கவிடுவேன்; காயுமுன் அடுக்கினால் ஒன்றன் மை மற்றொன்றின் முதுகில் ஒத்திக்கொள்ளும். தண்ணீரில் கரையும் மை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், கழுவுவதும் எளிது. ஆனால் உறை நனைந்தால் படமும் கரையும். இதையே உறையின்றி அஞ்சல் அட்டையில் அச்சிட்டு அனுப்பலாமே என்று தோன்றலாம். செய்தி அச்சிடப்பட்ட அட்டைக்குக் கட்டணம் 50 காசு அன்று, 6 ரூபாய். கையால் தேய்த்து எடுத்த படம் அச்சா ஓவியமா என்று அஞ்சலக எழுத்தரோடு வாதாட விரும்பாதவர்கள் 6 ரூபாய்க்கே தபால்தலை ஒட்டிவிடலாம். அல்லது 5 ரூபாயில் உறையிலேயே அனுப்பிவிடலாம், ஒரு ரூபாய் மிச்சம்.

வைக்குமிடம் என்று பார்த்தால், மடிப்பு அட்டை தானாக நிற்கும். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், அலமாரித் தட்டில் தை மாதம் முழுவதும் நிற்கிறது. மாசியில் எங்கே போகிறது என்று நான் விசாரிப்பதில்லை. இரண்டு வீடுகளில் முன்பக்கத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் அழுத்தமாக இருப்பதால் சுவர் அதை ஏற்றுக்கொள்கிறது.

எட்டுப் பக்கச் சிற்றேட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டுப் போட்டு, மறுபடி மடித்தால் தையலோ பசையோ இல்லாத ஒரு குட்டிப் புத்தகம் கிடைக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் வரைந்து நகலெடுப்பதால், பிரித்தால் மறுபுறம் முழுத் தாளும் வெற்றாக இருக்கும். அங்கே ஒரு பெரிய கோலத்தையோ கடிதத்தையோ மறைத்து வைக்கலாம். உறையோடு 10 கிராம். மூலத்தை வரைய ஒரு விடுமுறை நாள் போதும். மடிப்பதற்கு ஆளுக்கு ஐந்து நிமிடம். செலவிலும் நேரத்திலும் இதுவே மிகச் சிக்கனமானது. பாட்டியின் சர்க்கரைப் பொங்கல் செய்முறை, ஊர்த் தேரின் கதை, பிள்ளையின் முதல் பள்ளிநாள் என்று சொல்வதற்கு ஏதேனும் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வடிவமில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் படம் மட்டும் தரவிரும்புபவருக்கு, நகல் பொறியின் சாம்பல் நிறம் ஏமாற்றமளிக்கும். குழந்தைகள் இருக்கும் வீடுகளில் இது கையில் எடுத்து எடுத்துக் கிழியும். வேறு எதற்கும் கிடைக்காத மரியாதை அது.

இந்த நான்குக்கு வெளியே சிலர் யோசிப்பவற்றையும் தொட்டுவிடுகிறேன். 2 ரூபாய் 50 காசு உள்நாட்டுக் கடிதத்தில் உட்பக்கம் முழுவதும் வண்ணப் பென்சிலால் வரையலாம். உள்ளே எதையும் வைக்கக்கூடாது, பிரிக்கும்போது ஓரத்தோடு படமும் கிழியும். பனையோலைப் புத்தகக்குறி எடையில்லாதது, நம் மண்ணுக்கே உரியது, ஓலை என்ற சொல்லே கடிதத்தைக் குறித்ததால் அனுப்புவதற்குப் பொருத்தமும்கூட. ஆனால் நன்கு காய்ந்த ஓலை, முத்திரைச் சுத்தியலின் கீழ் விரிசல் விடும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்தால் பிழைக்கும். மணி, பொத்தான், கண்ணாடித் துண்டு ஒட்டிய எதையும் சாதாரண உறையில் அனுப்பக்கூடாது. புடைத்த இடத்தில்தான் முத்திரை விழும், உறையும் அங்கேதான் கிழியும்.

தொலைந்துவிடுமோ என்று அஞ்சி விரைவஞ்சலில் அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். பதிவஞ்சல் 2025ஆம் ஆண்டில் விரைவஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், தடம் பார்க்கும் வசதி வேண்டுமென்றால் அது ஒன்றே வழி. 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய், வரி தனி. நாற்பது வெளியூர் உறைகளுக்கு 200 ரூபாயில் முடியவேண்டியது 1,880 ரூபாய்க்குப் போகும். ஒன்றிரண்டு தொலைந்தால் மறுபடி செய்து அனுப்பக்கூடிய பொருளுக்கு இந்தச் செலவு தேவையில்லை என்றே நினைக்கிறேன். லினோ அச்சாக இருந்தால் மறுபடி செய்யவும் வேண்டாம், கூடுதலாக எடுத்துவைத்த ஐந்து பிரதிகளிலிருந்து ஒன்றை அனுப்பிவிடலாம். தொலைவதற்குப் பெரும்பாலும் நம் முகவரிதான் காரணம். ஆறு இலக்கப் பின்கோடு இல்லாமலும், 'பெருமாள் கோயில் எதிரில்' என்று ஊர்ப்பெயரே இல்லாமலும் எழுதிவிட்டு அஞ்சல்துறையை நொந்துகொள்வதில் பயனில்லை. அனுப்புநர் முகவரியும் இருந்தால், சேராதது திரும்பியாவது வரும்.

ஆக, பத்துப் பேருக்குள் அனுப்புகிறவர் தயங்காமல் அஞ்சல் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். கையில் இருக்கும் எந்தப் பேனாவோடும் இன்றே தொடங்கலாம். இருபதுக்கு மேல் போனால், செதுக்குவதற்கு நான்கு மாலை கிடைக்குமா என்று பார்த்து லினோவுக்குப் போகலாம். கிடைக்காது என்றால் சிற்றேடு. கலை அட்டையை, பதிலுக்குத் தாமும் ஒன்று செய்து அனுப்பக்கூடியவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே வடிவம்தான் என்ற கட்டாயமும் இல்லை. வாழ்த்தை ஜனவரி 5ஆம் தேதிக்குள் பெட்டியில் போட வேண்டுமென்று வைத்துக்கொண்டால், லினோ அச்சை டிசம்பர் 20க்குள் எடுத்துவிட வேண்டும். அஞ்சல் அட்டைக்கு அதன்பிறகும் இரண்டு வாரம் இருக்கிறது.

இவ்வாண்டு என் பட்டியலில் முப்பத்தெட்டுப் பெயர்கள். முப்பத்திரண்டு பேருக்கு லினோ. ஏறு தழுவும் காளையைச் செதுக்கத் தொடங்கி, திமிலோடு நின்றுவிட்டிருக்கிறது. மூன்று ஓவிய நண்பர்களுக்குச் சீட்டளவு ஆந்தைகள். மீதி மூன்று அஞ்சல் அட்டைகள்: ஒன்று பெரியப்பாவின் கம்பிக்கு, நடுவில் துளை விழும் இடத்தை விட்டு வரைந்தது, ஒன்று அத்தைக்கு, இந்தியன் இங்க்கில் வரைந்த மாடு, ஒன்று சித்திக்கு, நிலைக்கண்ணாடிச் சட்டத்தில் செருகும் அளவுக்கு.